வெயிலுகந்தபுரத்து ஐஸ்மழை

வெயிலைக் கும்பிட்டே வளர்ந்து, காவல் தெய்வத்துக்கும் வெயிலுகந்தாள் என்றே பேர் வைத்து, அவள் வெயிலில் காய்ந்தால்தான் ஊருக்கு நல்லது என்று கோயிலுக்குக் கூரைகூடப் போடாமல் விட்டிருந்த வெயிலுகந்தபுரம் மாநகரத்தில், ஒரு தை மாதத்துச் சாயங்காலம், பஜாரில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில் பனி பெய்தது. புல் நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு வெயில் ஏறியதும் காணாமல் போகிற பனி இல்லை. வெள்ளை வெளேரென்று, அரிசி மாவைச் சல்லடையில் சலித்த மாதிரி, வத்தல் காயப்போட்ட களத்திலும், பஞ்சாலைப் புகைபோக்கியிலும், பேருந்து நிலையத்தில் படுத்திருந்த மாடுகளின் முதுகிலும், கூரையில்லாத வெயிலுகந்தாளின் தலையிலும் விடிய விடியப் பெய்து முழங்கால் அளவுக்குக் கிடந்தது.

பஞ்சாலையில் ஏதோ வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். கையில் ஏந்திப் பார்த்து, குளிர்ந்து, விரல் இடுக்கில் தண்ணீராகி ஓடியதும், சரி ஐஸ்தான் என்று தெரிந்துகொண்டு, பாக்கி இருந்த காய்கறியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் அதற்கு ஐஸ்மழை என்று பேர் நிலைத்துவிட்டது. ஏன் பெய்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பக்கத்துத் தெருவில் நம் தெருவைவிட ஏன் அதிகம் பெய்தது என்று கேட்டவர்கள்தான் அதிகம். நன்னாரி சர்பத் கடைக்காரர்கள் வாசலில் கிடந்ததை வழித்துப் போட்டு சர்பத் விற்றார்கள். அந்த வாரம் துக்கம் நடந்த வீடுகளில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை குளிர்பெட்டி எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. உடுப்பு விஷயத்திலும் பெரிய சிரமமில்லை. கார்த்திகை பிறந்தாலே காது குல்லாய் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் அது. இத்தனை வருஷமாக அவர்கள் எதற்காகக் குல்லாய் போட்டார்களோ, அது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐஸ்மழை மாநகராட்சி எல்லைக் கல்லோடு நின்றுவிட்டதுதான் பிரச்சனையாகியது. கல்லுக்கு இந்தப் பக்கம் முழங்கால் பனி. அந்தப் பக்கம் ஊராட்சி, காய்ந்த கருவேலங்காடு. வரி ஏறிவிடும், எங்களை மாநகராட்சியில் சேர்க்காதே என்று மறியல் செய்த சுற்றுப்பட்டு ஊராட்சிக்காரர்கள் எல்லாம், தை கழிந்ததும், எங்களை உடனே சேர்த்துக்கொள் என்று அதே இடத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆனால் ஊருக்குள் சேதம் இல்லாமல் இல்லை. வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் கிடந்தார்கள். மாட்டுச் சந்தையின் தகரக் கொட்டகை பாரம் தாங்காமல் படுத்துவிட்டது. கரண்டு போய், போன் போய், மார்க்கெட்டுக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரு பெரியவரை ஊர் மறந்தே போய், பனி உருகிய பிறகுதான் ஞாபகம் வந்து போய்ப் பார்த்தார்கள். அவர் உயிரோடு இருந்தார். ஆனால் அதன் பிறகு அந்தத் தெருவில் யாரோடும் பேசவில்லை.

ஆணையர் தாக்கூர் இமாசலப் பிரதேசத்துக்காரர். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர், சின்ன வயசு. ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் ஊறுகாய் ஜாடி கொண்டுவருகிற மாதிரி அவர்தான் அவருடைய ஊர்ப் பனியைக் கொண்டுவந்துவிட்டார் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதில் கோபம் ஒன்றும் இல்லை, மரியாதைதான் கூடியது. முதலில் இல்லை இல்லை என்று மறுத்துக்கொண்டிருந்த அவரும் பிறகு மறுப்பதை விட்டுவிட்டார். அடுத்த தையிலும் பெய்யும் என்று வானிலைக்காரர்கள் சொன்னதும், ஊரைத் தயார் செய்ய ஆள் தேடினார். ஊரில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிய கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அன்னபாக்கியத்தின் கை.

அன்னபாக்கியம் மாநகராட்சியில் கொசு ஒழிப்பு மேற்பார்வையாளர். ஐம்பதைத் தாண்டியவள், கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் மஸ்கட்டில். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், டயரில் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல் அவளுடையது. ஜனங்கள் அவளைக் கொசு மேடம் என்பார்கள். அவள் வந்தால் மோர் கொடுப்பார்கள், உட்காரச் சொல்வார்கள், அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள், அவள் போனதும் சிரட்டையைப் பழையபடி நிமிர்த்தி வைப்பார்கள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் மோர் கொடுக்கிறவர்களைக் கோபிக்க அவளுக்குத் தெரியாது.

தாக்கூர் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். பனிக்கு முன்னால் சாலையில் கல் உப்புத் தூவ வேண்டும், தூவினால் ஐஸ் ஒட்டாது. வீட்டில் அரிசி பருப்பும் குடிதண்ணீரும் மருந்து மாத்திரையும் சேர்த்து வைக்க வேண்டும். தகரக் கூரையில் பனி சேர்ந்தால் தட்டிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய கிராமத்தில் ஒரு குளிர்காலத்தில் அவருடைய சித்தப்பா, புது மனைவிக்குக் குளிரக் கூடாது என்று அறையின் இண்டு இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்து, கரிச்சட்டியில் தணல் போட்டு வைத்துத் தூங்கினாராம். புகை வரவில்லை, வாசனை வரவில்லை. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

“பனி யாரையும் கொல்வதில்லை, அம்மா,” என்றார் தாக்கூர். “மூடிய அறையில் வைக்கிற கரிதான் கொல்கிறது. வேறு எது மறந்தாலும் இதை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.”

அன்னபாக்கியம் அதை நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டாள்.

ஐப்பசியிலேயே ஆட்டோ கிளம்பிவிட்டது. ஓட்டினவர் சேர்மத்துரை, கொசுக் காலத்திலிருந்தே அவளோடு சுற்றுகிறவர். வீடு வீடாக இறங்கி அவள் சொல்லச் சொல்ல, ஜனங்கள் மோர் கொடுத்துவிட்டுச் சந்தேகம் கேட்டார்கள். ஐஸ்மழையில் கூழ்வத்தல் போடலாமா, போட்டால் எந்த மாசம் காயும் என்றாள் ஒருத்தி. நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம், வெள்ளை விழுவது சகுனத்துக்கு நல்லதா கெட்டதா என்றார் ஒருவர். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் விழுமா, வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தானா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். வெயிலுகந்தாள் கோயிலில் பெரிய கூட்டம் போட்டுப் பேசினார்கள். கூரை போட்டால் அம்மன் பேரே பொய்யாகிவிடும், போடாவிட்டால் அவளுக்குக் குளிரும். கடைசியில் பூசாரி அவளிடமே பூப்போட்டுக் கேட்டு, சிவப்புக் கம்பளிச் சேலை ஒன்று போதும் என்று உத்தரவு வாங்கினார். சேலை நெய்ய ஆள் தேடி லூதியானா வரைக்கும் போனார்கள்.

பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொள்வது பற்றி அன்னபாக்கியம் ஒரே ஓர் ஏற்பாடுதான் செய்தாள். ஐஸ்மழை விட்டதும், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வலதுகைப் பக்கத்து வீட்டின் கதவைத் தட்ட வேண்டும். இதைச் சொன்ன அன்றைக்குத்தான், ஊரில் எத்தனை பக்கத்து வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது வெளியில் வந்தது. முருங்கை மரத்தால் பேசாதவர்கள், சாக்கடையால் பேசாதவர்கள், எதனால் என்றே மறந்துபோய்ப் பேசாதவர்கள் எல்லாரும் ஆட்டோவைச் சுற்றி நின்றுகொண்டு, எனக்கு வேறு பக்கத்து வீடு ஒதுக்கித் தாருங்கள் என்றார்கள். ஒருத்தர் தன் வலது பக்கத்து வீட்டை எதிர்வீட்டுக்காரரின் இடது பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார். அன்னபாக்கியம் நிதானமாகச் சொன்னாள், பேச வேண்டாம், தட்டினால் போதும். உள்ளே இருக்கிறவரும் பேச வேண்டாம், இருமினால் போதும். இருமுவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லாததால் ஒத்துக்கொண்டார்கள்.

உப்புதான் அவளைப் படாத பாடு படுத்தியது. கடற்கரை உப்பளத்திலிருந்து லாரி லாரியாகக் கல் உப்பு வந்து இறங்கியது. காலையில் தெருமுனையில் கொட்டினால் சாயங்காலத்துக்குள் காணாமல் போயிற்று. திருட்டு என்று சொல்ல முடியாது. அவ்வளவு நல்ல உப்பைத் தரையில் போட மனசு வராமல், ஆளுக்கொரு வாளி அள்ளிக்கொண்டு போய் நாரத்தங்காய் ஊறப்போட்டார்கள், மீன் கருவாடாக்கினார்கள். ஊரே ஊறுகாய் மணத்தது. உப்பு லாரிகள் எங்கே போகின்றன என்று தாக்கூர் கேட்டபோது, அவளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் மார்கழி பிறந்தது. அவளுடைய தெருவிலேயே இருந்த தபால்கார வீட்டு உலகம்மாள் வாசலில் விடிய விடிய உட்கார்ந்து ரதக்கோலம் போட்டதையும், எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அதைவிடப் பெரிய ரதத்தோடு வந்ததையும், அதைப் பார்த்து உலகம்மாள் தன் ரதத்துக்கு இன்னொரு ஜோடிச் சக்கரம் வைத்ததையும், ஆட்டோவுக்கு வழியில்லாமல் நின்ற அன்னபாக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஒலிபெருக்கியில் புது அறிவிப்பு வந்தது. ஐஸ்மழை வரும் அன்றைக்கு உப்புக் கோலப் போட்டி. நுணுக்கிய கல் உப்பில்தான் போட வேண்டும். வாசலோடு நிற்காமல் தெரு நடு வரைக்கும் போடலாம். பனி விழுந்த பிறகு எந்தக் கோலம் தெரிகிறதோ அந்தக் கோலத்துக்குப் பரிசு, எவர்சில்வர் அண்டா. அதன் பிறகு ஒரு கல் உப்புகூட ஊறுகாய்க்குப் போகவில்லை. ஊறப்போட்ட நாரத்தங்காயைக் கழுவி உப்பைத் திரும்ப எடுத்தவர்கள்கூட உண்டு என்று சேர்மத்துரை சொன்னார்.

இப்படி ஊரில் எல்லாக் கதவையும் தட்டிய அன்னபாக்கியம் ஒரு கதவை மட்டும் தட்டவில்லை. அவளுடைய வீட்டுக்கு வலதுகைப் பக்கத்து வீடு அது. அதில் இருந்தவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை பேராச்சி.

அப்பா காலத்தில் ஒரே வீடாக இருந்து இரண்டாகப் பிரிந்த வீடு. பிரிந்த பிறகும் பின்வாசல் பொதுவாகத்தான் கிடந்தது, அன்னபாக்கியத்தின் மகன் கல்யாணம் வரைக்கும். கல்யாணப் பந்தியில், பஸ் பிடித்துப் போக வேண்டியவர்கள் சாப்பிடட்டும் என்று, உள்ளூர்க்காரங்க கொஞ்சம் பொறுங்க என்று அன்னபாக்கியம் பொதுவாகக் குரல் கொடுத்தாள். பேராச்சியின் கணவர் கோமதிநாயகம் அப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துவிட்டிருந்தார். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து, எந்த வண்டி முன்னால் போக வேண்டும் எந்த வண்டி பின்னால் போக வேண்டும் என்று காலமெல்லாம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். அவர் இலையை விட்டு எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், வீட்டுக்குப் போனார். பரிமாறிக்கொண்டிருந்த கையைக் கழுவாமலே பின்னால் போனாள் பேராச்சி. அடுத்த வாரம் பின்வாசலில் குறுக்குச் சுவர் எழும்பியது, மேலே கண்ணாடிச் சில்லு பதித்து. அதிலிருந்து அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அன்னபாக்கியத்தின் ஆட்டோ தெருவில் வந்தால், கோமதிநாயகம் டிவியைச் சத்தமாக வைத்துவிடுவார்.

ஒரு நாள் சேர்மத்துரை, கேட்காமலே அந்த வீட்டு முன்னால் ஆட்டோவை நிறுத்தினார். அன்னபாக்கியம் மடியில் ஒரு படி உப்போடு இறங்கப் போனாள். ஒரு கால் தரையில் பட்டும்விட்டது. கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி அலறியது. அவள் காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு, போங்க அண்ணாச்சி, ஊருக்கே கேக்குது, இவுகளுக்குக் கேக்காதா என்றாள். சேர்மத்துரை வண்டியை எடுத்தார்.

சொன்னபடியே தையில் ஐஸ்மழை வந்தது. காலையிலிருந்தே வானம் வெளுத்துத் தாழ்ந்து, பஞ்சாலைப் புகைபோக்கியில் இடித்துக்கொண்டு நின்றது. பெண்கள் உப்பு டப்பாவோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதல் பனி விழுந்தபோது தாக்கூர் அலுவலக மொட்டை மாடியில் போய் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பலர் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இறங்கி வந்தார்கள். அன்னபாக்கியத்துக்கு அன்றிரவு மாநகராட்சி அலுவலகத்தில் வேலை. வந்த போனுக்கெல்லாம் பதில் சொன்னாள். பாதிப் போன்கள், பனி எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்பதாகவே இருந்தன.

விடிந்ததும் வீட்டுக்குப் புறப்பட்டாள். ஆட்டோ கிளம்பவில்லை, பேட்டரி ஒலிபெருக்கியைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள், சேர்மத்துரை பின்னால் வந்தார். அப்போது ஊர் இருந்த கோலத்தை அவள் அதற்கு முன்னால் கண்டதில்லை. எங்கும் முழங்கால் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் வெட்டி எடுத்த மாதிரி, உப்பு இழுத்த இடமெல்லாம் பனி உருகிக் கருப்பாகத் தரை தெரிந்தது. வாசலுக்கு வாசல் தாமரை, வாசலுக்கு வாசல் கிளி, தெரு நடுவில் ரதம், ரதத்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மயில். ஒரு கோலத்தின் வால் இன்னொரு கோலத்தின் கழுத்தில் போய் முட்டி, ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஆள் நடக்கக் காய்ந்த பாதை கிடந்தது. அதன் மேல் ஜனங்கள் வளைந்து வளைந்து நடந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தெருவெல்லாம் இருமல் சத்தம். இருமியவர்களில் சிலர், பேச்சில்லை என்பதே மறந்துபோய், இருமிய கையோடு ரெண்டு வார்த்தையும் பேசிவிட்டு அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அன்னபாக்கியத்துக்கு நெஞ்சு நிறைந்தது. முதல் தடவையாக ஊர் அவள் சொன்னதைக் கேட்டிருந்தது.

தன் தெருவுக்குள் திரும்பியதும் நின்றுவிட்டாள். வரிசையாகத் தாமரையும் கிளியும் வந்துகொண்டே இருந்து, பேராச்சி வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. பேராச்சி உப்பு அள்ள வந்திருக்க மாட்டாள், அது சரி. ஆனால் வீடு பிரிந்த நாளிலிருந்து வாசல் தெளித்து மாக்கோலமாவது போடாமல் அவள் ஒரு காலையும் விட்டதில்லை. பேச்சு நின்ற பிறகும் அந்தக் கோலத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அன்னபாக்கியம் வேலைக்குப் போவாள். பனியில் காலடியும் இல்லை. ஜன்னல் இடுக்கெல்லாம் உள்ளேயிருந்து சாக்குத் திணித்து அடைத்திருந்தது.

அவள் பனிக்குள் இறங்கி, முழங்கால் புதையப் புதையப் போய்க் கதவைத் தட்டினாள். இருமல் வரவில்லை. மறுபடி தட்டினாள். இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு தோளில் கிடந்த ஒலிபெருக்கியை வாயில் வைத்தாள்.

“ஏட்டி பேராச்சி, கதவத் தொற. அக்கா வந்திருக்கேன்.”

இத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் பேச்சு தெரு முழுக்கக் கேட்டது. இருமிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இருமலை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். உள்ளேயிருந்து மட்டும் சத்தமில்லை. அன்னபாக்கியம் ஒலிபெருக்கியைத் தலைக்கு மேல் தூக்கி ஜன்னலில் எறிந்தாள். கண்ணாடி உடைந்தது, சாக்கு விழுந்தது. உள்ளே இருட்டில், கட்டில் காலடியில் மண்சட்டியில் தணல் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

உலகம்மாள் வீட்டுக்காரர் கடப்பாரை கொண்டுவந்தார். சேர்மத்துரையும் அவருமாகக் கதவை நெம்பினார்கள். அன்னபாக்கியம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, தங்கையைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்தாள். கோமதிநாயகத்தைப் போர்வையோடு உருட்டி வந்து வாசல் பனியில் போட்டார்கள். பேராச்சிக்கு மூச்சு இருந்தது. அன்னபாக்கியம் பனியை அள்ளி அவள் முகத்தில் தேய்த்தாள், உள்ளங்கையில் தேய்த்தாள், கன்னத்தில் அறைந்தாள், பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பேராச்சி ஒரு தடவை பலமாக இருமினாள். அந்தத் தெருவில் அன்றைக்குக் கேட்ட இருமல்களிலேயே அதுதான் நல்ல இருமல் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

கோமதிநாயகம் கொஞ்சம் பிந்திக் கண் விழித்தார். கூட்டத்தையும், வெள்ளைத் தெருவையும், நெம்பிச் சாய்த்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தேக்குக் கதவு,” என்றார் மெதுவாக. “எவன்வே ஒடச்சது?”

ஆம்புலன்ஸ் மேம்பாலத்தில் சிக்கி நின்றது. இரண்டு கட்டிலில் இரண்டு பேரையும் வைத்துத் தூக்கிக்கொண்டு கோலத்தின் மேலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். போட்டிக்கு இன்னும் நடுவர்கள் வந்திருக்கவில்லை. அதனால் வழிநெடுகப் பெண்கள் நின்றுகொண்டு, மயில் கண்ணை மிதிக்காதீர்கள், கிளி மூக்கைச் சுற்றிப் போங்கள் என்று வழி காட்டினார்கள். தூக்கியவர்களும் அப்படியே தாமரை இதழுக்கு இதழ் தாவி, ரதச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார்கள். கட்டிலில் கிடந்த கோமதிநாயகம், இந்த ரூட்டில் எந்த வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேராது என்று முனகிக்கொண்டே போனார்.

அவரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். தலைவலி மட்டும் மிச்சமிருந்த பேராச்சியைச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். கதவில்லாத வீட்டில் எங்கே இருப்பாள். அன்னபாக்கியம் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து ரசம் வைத்து, சோறு குழையப் பிசைந்து அன்னபாக்கியம் நீட்டினாள். பேராச்சி தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

“ஊரு பூராக் கதவத் தட்டிச் சொன்னியே,” என்றாள் பேராச்சி. “எங்கிட்ட மட்டும் ஏங்க்கா வந்து சொல்லல?”

“நீ தொறக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“தட்டிப் பாத்தியா?”

அன்னபாக்கியம் தங்கை மடியில் சாய்ந்திருந்த தட்டை நேராக்கி வைத்தாள்.

“ஒரு நாளு ஆட்டோ வந்து நம்ம வாசல்ல நின்னுச்சு. அவுக டிவியக் கூட்டி வச்சாக. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னேன்க்கா. வண்டி போயிட்டு.”

அன்னபாக்கியம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். போய், எடுக்க ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரசம் ஆறிப்போகும், தின்னு என்றாள். பேராச்சி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு இல்லை என்றாள். இருந்த உப்பையெல்லாம் அன்னபாக்கியம் ஊருக்கே கொடுத்திருந்தாள். வீட்டில் ஒரு கல் இல்லை. அதற்குத்தான் இரண்டு பேரும் முதலில் சிரித்தார்கள், அப்புறம் ரொம்ப நேரம் அழுதார்கள்.

எவர்சில்வர் அண்டாவை உலகம்மாளும் எதிர்வீட்டுக்காரியும் பங்கு போட வேண்டியதாயிற்று. ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கே. சுற்றுப்பட்டு ஊராட்சிகளைச் சேர்த்துக்கொள்ள உத்தரவு வந்து, எல்லைக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டார்கள். தாக்கூருக்கு மாற்றல் வந்தபோது, பனியை மட்டும் விட்டுவிட்டுப் போகும்படி ஜனங்கள் திரண்டு போய்க் கேட்டுக்கொண்டார்கள். அவரும் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பின்வாசல் சுவரை யாரும் வேலை மெனக்கெட்டு இடிக்கவில்லை. பனித்தண்ணீர் ஊறி, அதுவாக ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த மார்கழியில் மேகம் மறுபடி தாழ்ந்து வந்ததும், இந்தத் தடவை சீக்கிரமே பெய்யும் போலிருக்கிறது என்று அன்னபாக்கியம் அவசரமாகப் புது ஒலிபெருக்கியோடு புறப்பட்டாள். சேர்மத்துரை ஆட்டோவைக் கிளப்பினார். அவள் ஏறவில்லை. பத்தடி நடந்து, வலதுகைப் பக்கத்து வீட்டின் புதுத் தேக்குக் கதவைத் தட்டினாள்.

பேராச்சி திறந்தாள். கோமதிநாயகம் டிவியை அணைத்துவிட்டு, வாங்க மயினி என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார். இரண்டு பேரும் எதிரில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அன்னபாக்கியம் முதலிலிருந்து சொன்னாள். கோமதிநாயகத்துக்குச் சந்தேகங்கள் இருந்தன. உப்பைத் தூவிய பிறகு மழை வந்துவிட்டால் மறுபடி தூவ வேண்டுமா. சாம்பிராணி போடலாமா, அதுவும் தணல்தானே. வலது கைப் பக்கத்து வீடு பூட்டியிருந்தால் அதற்கடுத்த வீட்டை யார் தட்டுவது, அதற்கு முறை உண்டா. இருமல் வராதவர்கள் செருமலாமா. ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். பேராச்சி காப்பி போட்டாள், அப்புறம் இவ்வளவு நேரமாகிவிட்டது சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உலை வைத்தாள். வெளியில் சேர்மத்துரை ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோய், ஆட்டோவிலேயே சாய்ந்துவிட்டார். ஊரே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கொசு மேடம் இன்னும் வரவில்லையே என்று மோரோடு காத்திருந்தது.

மேகமும் காத்திருந்தது. பஞ்சாலைப் புகைபோக்கியில் சாய்ந்துகொண்டு, கனத்து, வெளுத்து, கீழே விழத் தயாராக நின்ற பனி, கோமதிநாயகம் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டு, அதற்கும் பதில் வாங்கி, சரி மயினி புரிஞ்சுது என்று சொல்லி, அன்னபாக்கியம் கை கழுவி, பேராச்சியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி, ஊரின் கடைசி வீட்டுக் கதவையும் தட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு துளிகூட விழவில்லை.